மூஸ் வேட்டைச் சீட்டு விதிகள் மாறும்போது உங்கள் கருத்தும் சேரட்டும்: வடக்கு ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சட்பரி, திமின்ஸ், நோர்த் பே, தண்டர் பே என வடக்கு ஒன்ராறியோவின் ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் கூடிவருகின்றன. 2019இல் தொடங்கிய கிராமப்புற, வடபகுதிக் குடிவரவுத் திட்டத்தின் வழியே வந்தவர்கள் இருக்கிறார்கள். இங்குள்ள கல்லூரிகளில் படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவரென்றால், முதல் ஒக்ரோபரிலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வேலைத்தலத்தில் பலர் ஒரே வாரத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோடை தொடங்கும்போது அவர்களுக்குள் நடக்கும் பேச்சு ஒன்றுதான்: இந்த ஆண்டு சீட்டு யாருக்குக் கிடைத்தது?

அந்தச் சீட்டு, வடக்குக் காடுகளில் வாழும் மிகப் பெரிய மான் வகையான மூஸை வேட்டையாடுவதற்கான அனுமதி. இங்கே எல்லோரும் அதை 'டேக்' என்பார்கள். அதை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற விதிகளைப் பற்றி மாகாண அரசு அவ்வப்போது மக்களிடம் கருத்துக் கேட்கிறது. நம்மவர்கள் பலரும் அதை வேட்டைக்காரரின் சங்கதி என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் விதி எப்படி மாறியது என்று பார்ப்போம். நீண்ட காலம் இங்கே நடந்தது சீட்டிழுப்பு. வேட்டைக்காரர்கள் தனியாகவும் குழுவாகவும் விண்ணப்பிப்பார்கள். பெயர் விழுந்தவருக்கு வளர்ந்த மூஸ் ஒன்றுக்கான சீட்டு கிடைக்கும். பத்து ஆண்டுகள் விண்ணப்பித்தும் கிடைக்காதவரும் உண்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் கிடைத்தவரும் உண்டு. கன்று வேட்டைக்கோ பெரும்பாலான பகுதிகளில் தனி ஒதுக்கீடு இருக்கவில்லை. பல பகுதிகளில் மூஸ் தொகை குறைந்துவருவதாகக் கவலை எழுந்தபோது, இந்த இரண்டும் சேர்ந்தே பேசுபொருளாயின. 2019இல் அரசு பெரிய விலங்கு மேலாண்மைக்கான ஆலோசனைக் குழுவை அமைத்தது; மக்களின் கருத்தையும் கேட்டது. அதன் பின் 2021இலிருந்து சீட்டிழுப்பு போய்ப் புள்ளி முறை வந்தது. விண்ணப்பித்தும் சீட்டுக் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி சேரும். புள்ளி கூடியவருக்கே முதலிடம். சீட்டை எடுத்துக்கொண்டால் புள்ளி பூச்சியத்துக்கு இறங்கிவிடும். கன்றுக்கும் ஒதுக்கீடு வந்தது. உரிமக் கட்டணத்தை 35 டொலராகக் குறைத்து, சீட்டுக் கிடைத்தவரிடம் தனிக் கட்டணம் வாங்கும் முறையும் அப்போதுதான் வந்தது: ஆண் மூஸுக்கு 200 டொலர், பெண் மூஸுக்கு 150, கன்றுக்கு 30.

சங்கக்கடை வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே புரியும். முன்னே வந்து காத்திருந்தவர் முன்னே வாங்கட்டும். நானும் அதை நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வரிசையின் வால் எங்கே என்று பாருங்கள். புதிய முறை தொடங்கியபோது பழைய ஆண்டுகளின் விண்ணப்பங்களும் கணக்கில் எடுக்கப்பட்டு, ஏற்கெனவே காத்திருந்தவர்கள் புள்ளிகளோடு உள்ளே வந்தார்கள். இன்று வந்து சேரும் நீங்கள் தொடங்குவது பூச்சியத்தில். பலரும் விரும்பும் பகுதியொன்றில் ஆண் மூஸ் சீட்டு வேண்டுமென்றால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சீட்டிழுப்பில் நேற்று வந்தவருக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது; புள்ளி முறையில் அது பின்னுக்குப் போய்விட்டது. அண்டை நாடான அமெரிக்காவின் மெயின் மாநிலம் இரண்டையும் கலந்திருக்கிறது. அங்கே காத்திருந்த ஆண்டுகளுக்குக் கூடுதல் வாய்ப்புகள் சேரும், ஆனாலும் முடிவு குலுக்கலில்தான். ஆக, வேறு வழியும் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் யார்? வரிசையின் முன்னால் நிற்பவர் சொல்ல மாட்டார்.

2019இல் நான் கருத்து எழுதினேன். சீட்டுகளில் பத்தில் ஒரு பங்கையாவது குலுக்கலுக்கு விடுங்கள் என்று கேட்டேன். அது ஏற்கப்படவில்லை. ஆனாலும் எழுதியதில் எனக்கு நிறைவு உண்டு. அன்று எனக்கு வாக்குரிமை இல்லை. நிரந்தர வதிவிட அட்டை மட்டுமே கையில் இருந்தது. நீங்கள் மனதில் பதிக்க வேண்டியது இதுதான்: கருத்து எழுதக் குடியுரிமை தேவையில்லை. ஒன்ராறியோவின் சுற்றாடல் உரிமைகள் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. அதன்படி, சுற்றாடலைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய கொள்கையோ ஒழுங்குவிதியோ மாறுவதற்கு முன், அமைச்சு அதை அரசின் இணையத்தளமான சுற்றாடல் பதிவேட்டில் வெளியிட்டுக் குறைந்தது 30 நாட்கள் மக்களின் கருத்துக்குத் திறந்து வைக்க வேண்டும். வந்த கருத்துகளைக் கருத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும். முடிவை அறிவிக்கும்போது, அக்கருத்துகளால் என்ன மாறியது என்றும் விளக்க வேண்டும். மாணவராக வந்தவரும் வேலை அனுமதியில் இருப்பவரும் எழுதலாம்.

எழுதும் முறை கடினமில்லை. பதிவேட்டில் ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஓர் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்திலும் எழுதலாம், தபாலிலும் அனுப்பலாம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். மொழி பிழையாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அதிகாரி தேடுவது இலக்கணத்தை அல்ல, தனக்குத் தெரியாத தகவலை. "இந்த முறை நியாயமில்லை" என்ற ஒரு வரி பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். மாகாணம் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இருக்கும் பகுதி எது, அங்கே என்ன கண்டீர்கள், அறிவிப்பின் எந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று எழுதுங்கள். சுரங்கத்தில் சுழல்முறை வேலை பார்ப்பவருக்கு, கிடைத்த சீட்டை எடுத்துக்கொள்வதாக உறுதிசெய்யும் காலக்கெடு எப்படித் தவறிப்போகிறது என்பதை அவரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? கருத்துகள் பின்னர் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்படக்கூடும். ஆகவே வீட்டு முகவரி போன்ற விவரங்களைக் கருத்துக்குள் எழுதாதீர்கள்.

வேட்டையே பிடிக்காதவருக்கும், மரக்கறி மட்டும் உண்பவருக்கும் இதில் இடம் உண்டு. 11ஆம், 17ஆம் நெடுஞ்சாலைகளில் இரவில் வண்டி ஓட்டுபவர் யாராயினும் மூஸ் அவருக்குச் சம்பந்தப்பட்டதுதான். (இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கால்கள் நெடியவை, உடல் கரியது. கண்கள் விளக்கொளிக்கு மேலே இருப்பதால் மானின் கண்போல மின்னிக் காட்டிக்கொடுக்காது. மோதினால் அந்தப் பெரிய உடல் முன்கண்ணாடியில் வந்து விழும். அந்திக்குப் பின் வேகத்தைக் குறையுங்கள்.)

முதற்குடி மக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "அவர்களுக்கு மட்டும் ஏன் சீட்டு வேண்டாம்?" என்ற கசப்பான பேச்சு உங்கள் காதிலும் விழும். அது சலுகை அன்று. பிரித்தானிய முடியாட்சியோடு செய்துகொண்ட 1850இன் ரொபின்சன் ஒப்பந்தங்களிலும் பின்வந்த உடன்படிக்கைகளிலும் வேட்டையாடும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1982இன் அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அந்த உரிமைகளை உறுதிசெய்கிறது. உயிரினப் பாதுகாப்புக்கு அடுத்தபடியாக, உணவுக்கான அவர்களது தேவைக்கே முன்னுரிமை என்று 1990இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஸ்பாரோ வழக்கில் கூறியது. நிலத்தை இழப்பது என்றால் என்ன என்று அறிந்த மக்கள் நாம். அந்தக் கசப்பை நாமும் திருப்பிச் சொல்லக்கூடாது; கருத்தில் எழுதவும் கூடாது.

நீங்களே வேட்டைக்குப் போக விரும்பினால், ஒன்ராறியோ வதிவாளர் என்ற தகுதிக்கு, கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். வேட்டைக் கல்விப் பயிற்சி, வெளிப்புற அட்டை (வேட்டை உரிமம் எடுக்கத் தேவையான மாகாண அட்டை), துவக்குக்கான உரிமம் ஆகியவையும் வேண்டும். சீட்டுக் கிடைக்காவிட்டாலும், உரிய உரிமம் எடுத்தவர்கள் சீட்டுள்ள ஒருவரோடு குழுவாகச் சேர்ந்து வேட்டையாடலாம். இங்கே பலர் பழகுவது அப்படித்தான். வேட்டையாடிய இறைச்சியை விற்பதும் வாங்குவதும் குற்றம். வேலைத்தல நண்பர் அன்பாகக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். கொழுப்புக் குறைந்த இறைச்சி என்பதால் சிறுதீயில் நெடுநேரம் வேக வேண்டும். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் அதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

பதிவேட்டில் கணக்கொன்று திறந்து, அறிவிப்புகளை மின்னஞ்சலில் பெற இன்றே பதிந்துவையுங்கள். இயற்கை வள அமைச்சின் அறிவிப்பு வந்ததும் முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். முப்பது நாட்கள் கேட்பதற்கு நிறையத் தோன்றும். வேலையும் பிள்ளைகளின் பள்ளியுமாக, நான் முதல் முறை எழுதி அனுப்பியது கடைசி இரவில்தான்.