அடிதடியும் தடியடியும் இன்றிக் கால்பந்துத் தொடர் நடத்தும் முறை

பொங்கலை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கால்பந்துத் தொடர் நடத்தும் மன்றங்களுக்காக இதை எழுதுகிறேன். கோப்பை, நடுவர் படி, சுண்ணாம்புக் கோடு, ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்கும் நாம், இரண்டு ஊர் ஆதரவாளர்கள் மோதிக்கொண்டால் என்ன செய்வது, காவலர்கள் தடியைத் தூக்கினால் கூட்டத்தை எப்படி வெளியேற்றுவது என்பதை மட்டும் அந்த நேரத்துக்கு விட்டுவிடுகிறோம். ரசிகர் வன்முறை ஒரு பிரச்சினை, காவல்துறையின் பலப்பிரயோகம் வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்ப்பதும் சரியல்ல. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இதை இத்தாலி பல உயிர்களைக் கொடுத்து அறிந்துகொண்டது என்பதால், அங்கு நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நம் ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

2007ஆம் ஆண்டின் இரண்டு மரணங்களை ஏற்பாட்டாளர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 2 அன்று சிசிலித் தீவில் கத்தானியா அணிக்கும் பாலெர்மோ அணிக்கும் ஆட்டம் நடந்தது. பாலெர்மோ ஆதரவாளர்கள் தாமதமாக, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்தார்கள்; வெடிகள் பறந்தன; காவலர்கள் வீசிய கண்ணீர்ப்புகை ஆடுகளத்துக்குள் பரவியதால் ஆட்டம் நெடுநேரம் நின்றது. அரங்குக்கு வெளியே நடந்த மோதலில் பிலிப்போ ராச்சித்தி என்ற காவல் ஆய்வாளர் உயிரிழந்தார். நாடு முழுவதும் கால்பந்து நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றாத அரங்குகளில் பார்வையாளரின்றி ஆட்டங்கள் நடந்தன.

அதே ஆண்டு நவம்பர் 11 அன்று காலை, அரெட்ஸோ நகருக்கு அருகே நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் லாட்சியோ, யுவெண்டஸ் ஆதரவாளர்களுக்கிடையே சிறு கைகலப்பு ஏற்பட்டது. சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்த காவலர் ஒருவர் சுட்ட குண்டு, காரில் அமர்ந்திருந்த கப்ரியேலே சாந்த்ரி என்ற 26 வயது இளைஞரின் உயிரைப் பறித்தது. காவலருக்கு முதலில் 6 ஆண்டுகளும், மேல்முறையீட்டில் 9 ஆண்டுகள் 4 மாதங்களும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2012இல் அது உறுதியானது. ஆனால் சாந்த்ரி சுடப்பட்ட அன்றிரவே வேறொன்று நடந்தது. ஜென்மப் பகையாளிகளான ரோமா, லாட்சியோ ஆதரவாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து ரோம் நகரில் காவலர் முகாம்களைத் தாக்கினார்கள். காவலர் இறந்தபோது நாடே ஆட்டத்தை நிறுத்தியது, ரசிகர் இறந்தபோது பெரும்பாலான ஆட்டங்கள் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியதோடு சரி என்பது அவர்களின் குமுறல். வன்முறைக்கு அது நியாயமாகாது. ஆனால் கூட்டம் எந்த இடத்தில் காவல்துறையை எதிரியாகப் பார்க்கத் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அனுமதிக் கடிதத்தோடு நிறுத்தாதீர்கள்

தொடருக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஒலிபெருக்கி அனுமதிக்கு எழுதும் வழக்கமான நான்கு வரிக் கடிதம் இதற்குப் போதாது. எந்தெந்த ஊர் அணிகள், எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கூட்டம் எதிர்பார்க்கிறீர்கள், எந்த இரண்டு அணிகளுக்கிடையே பழைய மனக்கசப்பு இருக்கிறது, வெளியூர் ஆதரவாளர்கள் எந்த வழியாக எத்தனை மணிக்கு வருவார்கள் என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள். மனக்கசப்பைச் சொன்னால் அனுமதி கிடைக்காதோ என்று பல மன்றங்கள் தயங்குகின்றன. சொல்லாமல் விட்டால், ஒன்றும் தெரியாத இரண்டு காவலர்கள் ஆயிரம் பேர் நடுவில் நிற்க நேரும். பயந்துபோன காவலர் கையில் தடி சீக்கிரம் எழும்.

கடிதத்துக்குப் பிறகு நேரில் ஒரு கூட்டம் கேளுங்கள். இரண்டு அணிகளின் மேலாளர்கள், நடுவர், ஊர்ப் பெரியவர் ஒருவர், பாதுகாப்புக்கு வரவிருக்கும் உதவி ஆய்வாளர் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஆட்டத்தின்போது காவல்துறை சார்பில் யார் முடிவெடுப்பார், மன்றத்தின் சார்பில் அவரிடம் யார் பேசுவார் என்று ஒருவருக்கு ஒருவராகத் தீர்மானித்து, தொலைபேசி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். நிலையத்தில் கால்பந்து ஆடியவர்கள் இருந்தால் அவர்களை அனுப்பும்படி தயங்காமல் கேளுங்கள். இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றியவர்; ஆட்டம் தெரிந்த காவலர்கள் நம் பக்கத்தில் அரிதல்ல. கோல் போட்டவுடன் கோட்டோரம் ஓடிவரும் பையன்களுக்கும், கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவருபவனுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரியும்.

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் ஆட்டம் என்றால் அது புதுச்சேரி காவல்துறையின் பொறுப்பு. முள்ளோடையைத் தாண்டிவிட்டால் கடலூர் மாவட்டக் காவல்துறையின் பொறுப்பு. தோற்ற கோபத்தில், போதாக்குறைக்கு வழியில் மதுக்கடையில் நின்றுவிட்டு, இருசக்கர வாகனங்களில் கொடியோடு திரும்பும் கடலூர் இளைஞர்கள் தவளக்குப்பத்தில் வம்பு தொடங்கி ரெட்டிச்சாவடியில் அடிபட்டால், அது எந்த நிலையத்து வழக்கு என்பதிலேயே பாதி இரவு போய்விடும். சாந்த்ரி இறந்தது எந்த அரங்கிலும் அல்ல, ஊர்களுக்கு இடைப்பட்ட சாலையோரத்தில் என்பதை நினைவில் கொண்டு, கடிதத்தின் நகலை எல்லைக்கு இருபுறமும் உள்ள நிலையங்களுக்குக் கொடுங்கள். வெளியூர் ஆதரவாளர்களை இருசக்கர வாகன ஊர்வலமாக வரவிடாமல், வேனோ பேருந்தோ அமர்த்தி, வண்டிக்கு ஒரு பொறுப்பாளரோடு, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வந்து சேரும்படி செய்யுங்கள். இறுதி ஆட்டத்தை மாலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுவதும் நல்லது.

மைதானமும் தொண்டர்களும்

கத்தானியாவுக்குப் பிறகு இத்தாலி செய்தவற்றுள் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது, அரங்குக்குள் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பயிற்சி பெற்ற அரங்கப் பணியாளர்களிடம் கொடுத்ததுதான். நம் தொடர்களிலும் இது முடியும். ஒரே நிறச் சட்டையோ மேலங்கியோ அணிந்த தொண்டர்களை, இரண்டு அணிகளின் ஊர்களிலிருந்தும் சரிபாதியாக எடுங்கள். தன் ஊர்ப் பையன் அத்துமீறினால் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்க, அதே ஊர் அண்ணனால்தான் முடியும். வெளியாள் தோளைத் தொட்டால் சண்டை. சொந்த அண்ணன் தொட்டால் அதட்டல். தொண்டர்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். இதைப் பழக்குவதுதான் கடினம்.

ஆதரவாளர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்த்தி, நடுவில் கயிறு கட்டிய வெற்றிடம் விடுங்கள். கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள்; கோட்டை ஒட்டியே கட்டினால் துணை நடுவரின் முதுகில் கூட்டம் மூச்சு விடும். காலையிலேயே நடந்து பார்த்து ஜல்லி, செங்கல் துண்டு, சவுக்குக் கழிகளை அப்புறப்படுத்துங்கள். வாயில் கதவுகள் ஆட்டம் முழுவதும் பூட்டப்படாமல், வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்க வேண்டும். இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் 2022 அக்டோபர் 1 அன்று காவலர்கள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியபோது, குறுகலான வாயில்களில் நெரிபட்டும் மூச்சுத் திணறியும் 135 பேர் இறந்தார்கள். ஃபிஃபாவின் அரங்கப் பாதுகாப்பு விதிகள் துப்பாக்கியையும் கூட்டத்தைக் கலைக்கும் வாயுவையும் அரங்கினுள் அனுமதிப்பதில்லை. அந்த விதி நம் காவல்துறையைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றாலும், முன்கூட்டத்தில் அதைக் குறிப்பிட்டு, சுற்றுச்சுவர் உள்ள மைதானத்தில் புகைக் குண்டு வேண்டாம் என்று வேண்டிக்கொள்வது உங்கள் கடமை.

பதாகைகளைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். அணியின் பெயரும் வீரர்களின் படமும் மட்டும் போதும். சாதித் தலைவர் படம், சாதி நிறத் துணி, ஊரையோ தெருவையோ இழிவுபடுத்தும் கோஷம் எதற்கும் இடமில்லை என்று நுழைவிலேயே எழுதி வையுங்கள். இத்தாலியில் நேபிள்ஸ் நகரத்தாரை எரிமலை நெருப்பால் கழுவ வேண்டும் என்று பாடுவார்கள். 2018 டிசம்பர் 26 அன்று மிலான் நகரில் இண்டர் அணிக்கும் நேபிள்ஸின் நாப்போலி அணிக்கும் நடந்த ஆட்டத்தில், நாப்போலியின் கறுப்பின வீரர் காலிது கூலிபாலியைக் குரங்கு ஒலி எழுப்பி அவமதித்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு அரங்கின் அருகே நடந்த மோதலில் ஒருவர் இறந்தும் போனார். வசைக் கோஷம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, மீண்டும் கேட்டால் வீரர்களை வெளியே அழைத்தல், மூன்றாம் முறை ஆட்டத்தைக் கைவிடுதல் என்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு வைத்திருக்கும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் முறையிலேயே நிறுத்துவதற்கு நடுவருக்குத் துணிவு வேண்டும். அவருக்குப் பின்னால் மன்றம் நிற்கிறது என்று முன்னரே சொல்லி வையுங்கள்.

தகராறு வெடிக்கும்போது

நம் பக்கத்து எழுவர் கால்பந்துத் தொடர்களில் இது எப்படித் தொடங்குகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெனால்டி தரவில்லை என்று ஒருவன் கயிற்றின் கீழே நுழைகிறான். அவனை இழுக்க இருவர், இழுப்பவரைத் தடுக்க நால்வர். துணை நடுவரின் கொடி பிடுங்கப்படுகிறது. காவலர் ஓடிவந்து கைக்கு எட்டியவரை அடிக்கிறார். அடி விழுவது பெரும்பாலும் கயிற்றைத் தாண்டியவனுக்கு அல்ல, ஓட வழியில்லாமல் நிற்கும் தேநீர்க் கேன்காரருக்கும் பள்ளிப் பையனுக்கும்தான். அடுத்த நொடி, அதுவரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊரும் ஒரே குரலில் காவலரைத் திட்டத் தொடங்குகின்றன.

1990 உலகக் கோப்பையின்போது இத்தாலியின் காலியாரி நகரில் இங்கிலாந்து ஆதரவாளர்களை ஆராய்ந்த கிளிஃபோர்ட் ஸ்டாட், ஸ்டீபன் ரைக்கர் ஆகிய உளவியலாளர்கள் கண்டதும் இதையே. எல்லோரையும் ஒன்றுபோல் குற்றவாளியாக நடத்தினால், அமைதியாக இருந்தவர்களும் வம்புக்காரர்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். 2004இல் போர்த்துக்கல் ஐரோப்பியக் கோப்பையை நடத்தியபோது, அங்குள்ள நகரக் காவல்துறை கவசமில்லாத சீருடையில் ரசிகர்களோடு பேசிப் பழகுவதை முதன்மையாக்கியது. அது பயன் தந்தது.

ஆகவே தகராறு என்றவுடன் நடுவர் விசிலூதி வீரர்களை நடுவட்டத்துக்கு அழைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஒருவர் மட்டும், தணிந்த குரலில், என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். கத்தக் கூடாது, எந்த ஊரின் பெயரையும் சொல்லக் கூடாது. தொண்டர்கள் தத்தம் ஊர்ப் பக்கம் முதுகைத் திருப்பாமல் கைகோத்து நின்று, உள்ளே வந்தவனை மட்டும் பிரித்து வெளியே கொண்டுபோக வேண்டும். மன்றப் பொறுப்பாளர் நேரே உதவி ஆய்வாளரிடம் சென்று, யாரைப் பிரித்துவிட்டோம், எவ்வளவு நேரம் தேவை என்று சொல்ல வேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவின்படி, நிர்வாக மாஜிஸ்திரேட்டோ, நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ கலைந்து செல்லும்படி ஆணையிடலாம். கூட்டம் கலையாதபோது, அல்லது கலையப் போவதில்லை என்பதை நடத்தையால் காட்டும்போதுதான் பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் எழுகிறது. அப்படி ஆணையிட்டுவிட்டால் வாதாடாதீர்கள். ஒலிபெருக்கியில் அதையே திருப்பிச் சொல்லி, ஆட்டத்தைக் கைவிட்டு, வெளியூர்க்காரர்களை முதலில், பத்து நிமிடம் கழித்து உள்ளூர்க்காரர்களை வேறு வாயிலில் அனுப்புங்கள். கண்ணீர்ப்புகை பரவினால் காற்று வரும் திசை நோக்கி நகர்ந்து, கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். ஆட்டத்தன்று மைதானத்தில் ஒரு தண்ணீர் லாரியை நிறுத்தி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிந்த பிறகு

அன்றிரவே பதிவேடு எழுதுங்கள். 2005 செப்டம்பரில் வெரோனா ரயில் நிலையத்தில் காவலர்கள் அடித்ததில் பிரெசியா அணியின் ஆதரவாளர் ஒருவர் கோமாவில் விழுந்து, நிரந்தர ஊனத்தோடு மீண்டார். வழக்கு நடந்தும், அடித்தது யார் என்று நிறுவ முடியாததால் குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் விடுவிக்கப்பட்டார்கள். தலைக்கவசம் அணிந்த காவலரை அடையாளம் காண எண் வேண்டும் என்று இத்தாலியில் எழும் கோரிக்கைக்கு இத்தகைய வழக்குகளே காரணம். நம் காவலர்கள் சட்டையில் பெயர்ப்பட்டை அணிகிறார்கள். கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. மேலே கவசம் அணிந்தாலும் பெயர் தெரியும்படி இருக்கட்டும் என்று முன்கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உயரமான இடத்தில் ஒரு கேமராவை நிறுத்தி, ஆட்டத்தையும் கூட்டத்தையும் வெட்டாமல் பதிவு செய்யுங்கள். அது தவறு செய்த ரசிகனுக்கு எதிராகவும் நிற்கும், தவறு செய்யாத காவலருக்குத் துணையாகவும் நிற்கும். காயம்பட்டவர் ரசிகரோ காவலரோ, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்யுங்கள்.

தண்டனை தனியாளுக்கு மட்டுமே. இத்தாலியில் 1989ஆம் ஆண்டின் 401ஆம் எண் சட்டம் முதல், வன்முறையில் ஈடுபட்டவரை அரங்குக்குள் வரவிடாமல் தடுக்கும் ஆணை இருக்கிறது. மாகாணக் காவல் தலைவரே, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல், அதைப் பிறப்பிக்கலாம் என்பதால் அதன் மீது கடும் குறைகூறலும் உண்டு. நீங்கள் ஒருவரை அடுத்த தொடருக்கு வரக்கூடாது என்று விலக்கினால், அவருடைய பெயரைக் குறிப்பிட்டு, செய்ததை எழுதி, காணொளியைக் காட்டி, அவர் தரப்பைக் கேட்ட பிறகே விலக்குங்கள். ஓர் ஊரையோ தெருவையோ மொத்தமாக விலக்காதீர்கள். நம் மாவட்டத்தில் தெருவின் பெயர் எதைக் குறிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், கால்பந்துச் சண்டை சாதிச் சண்டையாக மாற அந்த ஒரு வரி போதும்.

பதிவேட்டின் நகலை ஒரு வாரத்துக்குள் இருபுற நிலையங்களிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அதை அடுத்த ஆண்டின் அனுமதிக் கடிதத்தோடு இணைத்தால், மாறுதலில் புதிதாக வந்திருக்கும் ஆய்வாளருக்கும் சென்ற முறை எந்த வாயிலில் நெரிசல், எந்த ஆட்டத்தில் தகராறு என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்.