சீஸ்மோமீட்டர் ஆடிக்கொண்டே இருக்கிறதா? ஒரு செப்புத் தகடு போதும்

வீட்டிலேயே கிடை ஊசல் (கதவு போலப் பக்கவாட்டில் ஆடும் தண்டு) வைத்து சீஸ்மோமீட்டர், அதாவது நிலநடுக்கத்தைப் பதியும் கருவி, செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் டேம்பிங்கில்தான், ஊசலின் ஆட்டத்தை அடக்குவதில். லேசாகத் தட்டினாலே ஊசல் நிமிஷக்கணக்கில் ஆடும், திரையில் அழகான அலை வரும், ஆனால் அது நிலநடுக்கம் இல்லை, ஊசல் தன் பாட்டுக்கு ஆடுவது. இதை அடக்க ஊசலை எண்ணெய்க் கிண்ணத்தில் தோய்ப்பது வேண்டாம், சென்னை வெயிலில் எண்ணெய்க்குக் காலையில் ஒரு பிசுபிசுப்பு, மதியம் ஒன்று.

ஊசல் நுனியில் ஒரு செப்புத் தகட்டைப் பொருத்தி, அதைத் தொடாமல் இருபுறமும் எதிரெதிர் முனைகள் பார்க்கும்படி நியோடிமியம் காந்தங்களை வையுங்கள் (ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள்). தகடு அசைந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆட்டத்தை அடக்கும். தகட்டை மாட்ட பித்தளை ஸ்க்ரூ மட்டும். நான் இரும்பு போட்டு, ஊசல் காந்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையே போச்சு.

காந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தள்ளிவிட்டால் ஊசல் மையத்தைச் சற்றே தாண்டித் திரும்பி நின்றால் சரி.

அப்புறம், தரைத்தளத்தில் வைத்து, ஃபேன் காற்று படாமல் தெர்மாகோல் பெட்டியால் மூடுங்கள். ஊசலின் அலைவு நேரம் (ஒரு முறை போய்த் திரும்பும் நேரம்) 15 முதல் 20 விநாடி இருந்தால், 2012 ஏப்ரல் 11 சுமத்ரா நடுக்கம் போன்றவற்றின் மெதுவான மேற்பரப்பு அலைகள் நன்றாகப் பதியும், மின்சார ரயில் அதிர்வும் பெரிதாகத் தொல்லை தராது.