இருமுனைவின் அம்பு எந்தப் பக்கம்? முச்சை கட்டத் தெரிந்தவர்களுக்கு எளிது

நீர் முனைவு மூலக்கூறு, அதாவது ஒரு முனை சற்று நேரேற்றமும் மறுமுனை சற்று எதிரேற்றமும் கொண்டது என்று உயர்தர மாணவர் எவரும் சொல்லிவிடுவார். இந்த இருமுனைவைக் காட்டும் அம்புக்குறியைப் போடச் சொன்னால்தான் பேனா தயங்கும்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இரசாயனவியலில் அம்பின் வால் நேர்முனையில் இருக்கும். வாலில் ஒரு சிறு குறுக்குக்கோடு, தலை எதிர்முனையை நோக்கும். பௌதிகவியலிலோ எதிரேற்றத்திலிருந்து நேரேற்றத்துக்கு அம்பு போகும். இரண்டும் வழக்கங்கள்தாம், பிழையில்லை. ஒரே விடையில் இரண்டையும் கலப்பதுதான் பிழை. இங்கே இரசாயன வழக்கத்தையே பிடித்துக்கொள்வோம்.

படி 1: மூலக்கூறின் வடிவத்தை வரையுங்கள், தனிச்சோடி இலத்திரன்களோடு (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடிகள்). வடிவம் தெரியாமல் அம்பைத் தொடவேண்டாம்.

படி 2: ஒவ்வொரு பிணைப்பிலும் மின்னெதிர்த்தன்மை (பிணைப்பு இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்கும் வலு) கூடிய அணுவை நோக்கி அம்பு போடுங்கள். போலிங் அளவீட்டில் ஐதரசன் 2.20, நைதரசன் 3.04, குளோரின் 3.16, ஒட்சிசன் 3.44, புளோரின் 3.98. ஐதரசன் குளோரைட்டில் ஒரே பிணைப்பு. அம்பு குளோரினை நோக்கும், வேலை முடிந்தது.

படி 3: அம்புகளைக் காவிகளாக, அதாவது பருமனோடு திசையையும் பார்த்து, கூட்டுங்கள்; கிடைப்பதே விளையுள். காபனீரொட்சைட்டு நேர்கோடு; இரு பக்கமும் சம பலத்தில் கயிறிழுக்க, விளையுள் பூச்சியம். நீர் 104.5 பாகையில் வளைந்திருப்பதால் விளையுள் அந்தக் கோணத்தை இருசமக்கூறிட்டு ஒட்சிசன் பக்கம் போகும். அளவு 1.85 டிபாய் (இருமுனைவை அளக்கும் அலகு).

படி 4: தனிச்சோடியைச் சேருங்கள். பலர் வழுக்குவது இங்கேதான்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களை நினைத்துப் பாருங்கள். முச்சையின் மூன்று நூல்களும் பட்டத்திலிருந்து வந்து ஒரு முடிச்சில் சேரும்; அவற்றின் இழுவை எல்லாம் அதற்கப்பால் ஒரே ஏற்றுநூலில் போகும். அமோனியாவும் அப்படியே. முடிச்சில் நைதரசன், பட்டத்தில் மூன்று ஐதரசன்கள். மூன்று அம்புகளும் நைதரசனை நோக்குவதால் விளையுள் ஏற்றுநூலின் திசையில் போகிறது. தனிச்சோடியும் அதே பக்கம்தான். இரண்டும் சேர்ந்து 1.47 டிபாய்.

இப்போது ஐதரசன்களை எடுத்துவிட்டுப் புளோரின்களை வையுங்கள். பிணைப்பு அம்புகள் திரும்பிப் பட்டத்தை நோக்குகின்றன. தனிச்சோடி மட்டும் பழைய பக்கமே இழுக்கிறது. மிஞ்சுவது 0.23 டிபாய், திசை புளோரின்களின் பக்கம். மின்னெதிர்த்தன்மை வித்தியாசத்தை மட்டும் பார்த்து "புளோரின் இருந்தால் முனைவு கூடும்" என்று எழுதுபவர்கள் இதை ஒருமுறை வரைந்து பார்க்கவேண்டும்.

காபனோரொட்சைட்டு மட்டும் முரண்டு பிடிக்கும். படி 2 ஒட்சிசனைக் காட்டும். ஆனால் அளந்து பார்த்தால் எதிர்முனை காபன், அதுவும் வெறும் 0.11 டிபாய். ஒட்சிசன் தன் இலத்திரன்களைப் பிணைப்புக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடுவதே காரணம்.