கிராமத்தில் வீடு கட்டப் போகிறீர்களா? கடைக்கால் தோண்டும் முன் அப்ரூவல் வாங்கும் வழி

வேலூர் பக்கம் கிராமங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மேஸ்திரியைப் பிடித்து, ஆடி போகட்டும் ஆவணியில் ஆரம்பிக்கலாம் என்று நாள் குறித்து, பூமி பூஜை போட்டு, ஜேசிபி வந்து கடைக்கால் தோண்டிய பிறகு பேங்க்காரர் "அப்ரூவல் பிளான் எங்கே?" என்று கேட்பார். அதற்கப்புறம்தான் ஊராட்சி ஆபீஸுக்கு ஓடுவார்கள். காட்பாடி, கே.வி.குப்பம், அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று எந்த ஒன்றியமாக இருந்தாலும் விதி ஒன்றுதான், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பிரிந்து போன ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கும் அதேதான்.

உண்மையைச் சொன்னால் அனுமதி வாங்குவது இப்போது பெரிய வேலை இல்லை. இழுத்தடிப்பது நிலத்துப் பேப்பர்தான். அதனால் பிளான் போட இன்ஜினியரைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா? அப்பா பெயரில், தாத்தா பெயரில், இல்லையென்றால் பங்காளிகள் நாலு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். இ-சேவை மையத்தில் மனு போட்டால் சர்வேயர் வந்து அளப்பார், விஏஓவும் பார்ப்பார். இதற்குத்தான் நாள் பிடிக்கும், கல்யாண முகூர்த்தம் மாதிரி தேதியை முதலில் வைத்துவிட்டு அவசரப்படுத்த முடியாது.

அடுத்தது அளவு. பத்திரத்தில் சதுர அடி இருக்கும், நாம் பேசுவது சென்ட், பட்டாவில் இருப்பதோ ஹெக்டேர்-ஏர். நிறைய பேர் இதைப் படிக்கத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பட்டாவில் "0 - 2.00" என்று இருந்தால் 0 ஹெக்டேர் 2 ஏர், அதாவது 200 சதுர மீட்டர். சதுர அடியில் சுமார் 2,153, சென்ட்டில் 5-க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. உங்கள் பத்திரம் 2,400 சதுர அடி என்று சொன்னால் பட்டாவில் 2.23 ஏர் வர வேண்டும், 2.00 என்று இருந்தால் எங்கேயோ 250 சதுர அடி காணோம் என்று அர்த்தம். பக்கத்து மனைக்காரர் வேலி உள்ளே வந்திருக்கலாம், இல்லை பழைய சர்வேயிலேயே தப்பு இருக்கலாம். புலப்படத்தை (மனையின் சர்வே வரைபடம்) எடுத்து, பத்திரத்தில் உள்ள செக்குபந்தியோடு, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தோடு, ஒத்துப் பார்த்து, டேப் பிடித்து நீங்களே ஒரு தடவை அளந்துவிடுங்கள். பட்டாவும் புலப்படமும் அரசின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும், வில்லங்கச் சான்றும் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம்.

மூன்றாவது, அது என்ன வகை நிலம் என்பது. ஊருக்குள் நத்தம், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம், என்றால் கவலை குறைவு, நத்தம் பட்டா இருந்தால் போதும். புன்செய் நிலத்தைப் பிளாட் போட்டு விற்றதை வாங்கியிருந்தால் அந்த லேஅவுட் அப்ரூவல் ஆனதா என்று கேளுங்கள். ஆகாத லேஅவுட் என்றால், 2016 அக்டோபர் 20-க்குள் அதில் ஒரு மனையாவது விற்றுப் பதிவாகியிருந்தால் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ள வழி வைத்தார்கள், இப்போது மனு வாங்குகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சேல்ஸ்மேன் "பஞ்சாயத்து அப்ரூவல் சார்" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போட்ட லேஅவுட் படத்தைக் காட்டியிருப்பார். அதை நம்பாதீர்கள், லேஅவுட்டுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறையுடையது. பட்டாவில் நன்செய் என்று இருந்தால் நில உபயோக மாற்றம் இல்லாமல் வீட்டு அனுமதி கிடைப்பது கஷ்டம், நேராக மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. இன்னும் ஒன்று, வட ஆற்காட்டில் பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கென்று அரசு கொடுத்தது, மற்றவர்கள் வாங்கினால் செல்லாது) நிறைய உண்டு. இன்னும் மனை வாங்காதவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் தாலுகா ஆபீஸில் ஏ-பதிவேட்டை (கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) பார்த்துவிட வேண்டும். வாங்கிய பிறகு தெரிந்தால் எந்த இன்ஜினியராலும் காப்பாற்ற முடியாது.

மனைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நம் பக்கம் ஏரிக்கால்வாய் இல்லாத ஊரே கிடையாது, பத்து வருஷமாகத் தண்ணீர் வரவில்லை என்பதால் அது கால்வாய் இல்லை என்று ஆகிவிடாது, வருவாய்ப் பதிவேட்டில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயிடம் தடையின்மைச் சான்று வேண்டும், காட்பாடியைச் சுற்றி இருப்பவர்கள் கவனிக்க. அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்குப் பக்கம் என்றால் உயரக் கட்டுப்பாடு. மலையடிவார ஊர் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், அதாவது 5.7 சென்ட்டுக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி, குடியிருப்பு மட்டும் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, பிளான், மனையின் போட்டோ எல்லாம் ஏற்றி, அது காட்டும் கட்டணத்தை ஆன்லைனில் கட்டினால் உடனே அனுமதி இறங்கிவிடும். யாரும் முன்கூட்டியே வந்து பார்க்க மாட்டார்கள். முன்னாடி ஒரு கடை ஷட்டர் வைக்கலாம் என்று ஆசைப்பட்டால் இந்த முறை ஒத்துவராது. அதற்கும், மனை பெரிதாக இருந்தாலும், அதே தளத்தில் வழக்கமான விண்ணப்பம். குடியிருப்பு என்றால் 10,000 சதுர அடி, 8 வீடு வரை ஊராட்சியே அனுமதி தரலாம், அதைத் தாண்டினால் நகர் ஊரமைப்பு.

யாரும் வந்து பார்க்காததால் எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்களே கையெழுத்துப் போட்டு உறுதி கொடுக்கிறீர்கள், பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்து. 9 மீட்டருக்குள் உள்ள தெரு என்றால் முன்பக்கம் 1.5 மீட்டர், கிட்டத்தட்ட 5 அடி, காலி விட வேண்டும். பக்கவாட்டு இடைவெளி மனையின் அகலத்தைப் பொறுத்தது, இன்ஜினியரிடம் கேட்டு பிளானிலேயே எழுதி வாங்குங்கள். இங்கேதான் மேஸ்திரி வருவார். பிளானில் 5 அடி இருக்கும், அவர் நூல் பிடிக்கும்போது "3 அடி போதும்ணே, ஹால் பெருசா வரும்" என்பார், படிக்கட்டைத் தெருவுக்கே இறக்கிவிடுவார். அன்றைக்கு நீங்கள் ஸ்பாட்டில் நிற்க வேண்டும். வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானிய மூலை, வாசல் எல்லாம் பிளான் போடும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள், அனுமதி வாங்கிய பிறகு வாசலைத் திருப்பினால் பேப்பரில் ஒரு வீடு, தெருவில் வேறு வீடு. மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதையும் பிளானில் காட்ட வேண்டும்.

காசு விஷயம். தளம் காட்டும் தொகைக்கு ரசீது வரும். அதற்கு மேல் "ஆபீஸ் செலவு" என்று யாராவது கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பம் காரணமில்லாமல் கிடந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு 1100-க்குப் போன் செய்து புகார் பதியலாம்.

அனுமதி வந்ததும் இரண்டு மூன்று கலர் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று பேங்குக்கு, ஒன்று ஈபி ஆபீஸுக்கு. கட்டும்போது வாங்கும் மின் இணைப்பு தற்காலிகக் கட்டணத்தில் ஓடும், வீடு முடிந்ததும் வீட்டு இணைப்பாக மாற்றச் சொல்லி நீங்கள்தான் மனு கொடுக்க வேண்டும், அவர்களாக மாற்ற மாட்டார்கள். சுயசான்றில் கட்டிய வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை. கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு ஊராட்சி செயலரிடம் சொல்லி வீட்டு வரி போட்டுவிடுங்கள், அந்த ரசீதில் பெயர் பட்டாவில் உள்ளபடியே எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா, கதவு எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.