பழைய பெரிய டிவி வாங்கப் போகிறீர்களா? டார்ச் அடித்துப் பாருங்கள்

ஓசூரில் வீடு மாற்றுகிறவர்கள் சிலர் 55 இஞ்ச் டிவியை "சின்ன ரிப்பேர்தாங்க" என்று சல்லிசாகத் தருவார்கள். ரிப்பேர் எதில் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

சத்தம் வருகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் (படம் காட்டும் திரை) நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் (அதற்குப் பின்னால் ஒளி தரும் விளக்கு) போயிருக்கும். மாற்றிவிடலாம். ஆனால் கழற்றும்போதே பெரிய பேனல் விரிசல் விடக்கூடும். பெரிய டிவி பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். திரைப் புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி (OLED) டிவியில் பேக்லைட்டே கிடையாது, அதற்கு இந்தச் சோதனை செல்லாது.

கண்ணாடியில் விரிசலோ, மை சிந்தினாற்போல் கறையோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பேனல் மாற்றும் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் புது டிவியே வந்துவிடும்.

முன்பணம் தரும் முன், பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்துக் கிருஷ்ணகிரியில் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு அனுப்பி, பாகம் கிடைக்குமா, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது படுக்க வைக்காதீர்கள். நிறுத்தி, இருபுறமும் மெத்தை கொடுத்துக் கட்டுங்கள்.