படித்த புத்தகங்களுக்கு ஒரு குறிப்பேடு வைப்பது எப்படி

ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் படிக்கிற ஒருவரிடம், கடந்த ஆறு மாதத்தில் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று பெயர்களுக்கு மேல் உடனே நினைவுக்கு வருவதில்லை. வந்த மூன்றைப் பற்றியும் 'நன்றாக இருந்தது' என்பதற்கு மேல் சொல்ல வருவதில்லை. என் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு நாவலில் நாற்பது பக்கம் கடந்த பிறகு, ஓரத்தில் பென்சிலால் இழுத்திருந்த கோடு நானே போட்டது என்று கண்டுகொண்ட நாளில்தான் குறிப்பேடு வைக்கத் தொடங்கினேன். (நூலகப் புத்தகத்தில் கோடு போட்டது தவறு, அதற்கு நாற்பது பக்க அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம்.)

இதற்கென விலை உயர்ந்த டைரி வாங்க வேண்டாம். அதன் வழவழப்பான தாளில் அடித்தல் திருத்தலோடு எழுதக் கை கூசும். கை கூசினால் பழக்கம் ஒரு வாரத்தில் நின்றுவிடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். கைப்பேசியிலும் எழுதலாம்தான், ஆனால் குறிப்பு எழுதக் கைப்பேசியை எடுத்தவர் குறிப்பு எழுதிவிட்டு அதைக் கீழே வைப்பது அரிது.

புத்தகத்தைத் தொடங்கும் நாளிலேயே தேதி, நூலின் பெயர், ஆசிரியர் பெயர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் ஆகியவற்றோடு, அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அள்ளிக்கொண்டு வந்ததா, நண்பர் வற்புறுத்திக் கொடுத்ததா, விமர்சனம் படித்துத் தேடிப் பிடித்ததா என்ற அந்த ஒரு வரி, ஓராண்டு கழித்து யாருடைய பரிந்துரை உங்களுக்கு ஒத்துவருகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இடையில் எதையேனும் குறிக்கும்போது பக்க எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் 'பொன்னியின் செல்வ'னைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன; ஒரு பதிப்பின் 112ஆம் பக்கம் இன்னொன்றில் 130 ஆக இருக்கும். 'முதல் பாகம், புது வெள்ளம், முதல் அத்தியாயம்: ஆடித்திருநாள்' என்று எழுதினால், எந்தப் பதிப்பிலும் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த நாவல் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதையும் பக்கத்தின் மேலே குறித்துக்கொள்வது நல்லது. ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு 'நடந்ததையே ஏன் மறுபடியும் சொல்கிறார்' என்ற எரிச்சல் சில இடங்களில் வரும். ஒரு வாரம் காத்திருந்து படித்த வாசகருக்காக எழுதியது என்பது கண்ணெதிரே இருந்தால் அந்த எரிச்சலின் அளவு சரியாகும். ஐந்து பாகங்களையும் பார்த்து மலைப்பவர்கள், அது தொடராக வந்ததைப் போலவே சிறிது சிறிதாக, நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கருத்தை எழுதுவதுதான் கடினமான பகுதி. கதைச் சுருக்கம் எழுத வேண்டாம். அது பின்னட்டையிலேயே இருக்கும். முடித்த அன்றே, புத்தகத்தைத் திறக்காமல், மனத்தில் நிற்கும் ஒரு காட்சியையும், எந்த இடத்தில் அலுத்தது என்பதையும் எழுதுங்கள். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலுக்கு நான் எழுதிய பக்கம் இப்படித் தொடங்குகிறது: '1948ஐ ஒட்டிய ஹைதராபாத் கொந்தளிப்பைப் பற்றியது என்று எடுத்தேன். பையன் கிரிக்கெட் ஆடிக்கொண்டே இருக்கிறான். எப்போது விஷயத்துக்கு வருவார்?' மூன்று வாரம் கழித்து அதன் கீழே வேறு மையில் இருப்பது: 'அந்த விளையாட்டும் வெட்டிச் சுற்றலும் இல்லாவிட்டால் முடிவு இப்படி உறைத்திருக்காது. அவசரப்பட்டவன் நான்.' முதல் கருத்தை அடித்துவிடாமல், இரண்டாவதற்குத் தனித் தேதி போட்டுவையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பின்னாளில் படிக்கும்போதுதான், நாம் எதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பது பிடிபடும்.

பாதியில் விட்ட புத்தகங்களுக்கும் கட்டாயம் ஒரு பக்கம் வேண்டும். முடித்தவற்றை விட அவையே நம் ரசனையைப் பற்றி அதிகம் பேசுகின்றன என்பது என் எண்ணம். நிறுத்திய இடத்தையும் காரணத்தையும் ஒளிவுமறைவின்றி எழுதுங்கள்: எழுத்து பொடியாக இருந்ததா, மொழிபெயர்ப்பு கல்லும் முள்ளுமாக இருந்ததா, அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதமா. இரண்டு ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நான் விட்டவற்றில் பாதிக்கு மேல் இரவு பதினொன்றுக்குப் பிறகு படுக்கையில் தொடங்கியவை என்று தெரிந்தது. நூலாசிரியர்கள் மேல் நான் சுமத்திய குற்றத்தில் பெரும்பகுதி தூக்கத்தைச் சேரும். அவற்றில் மூன்றைக் காலை மின்சார ரயிலில் மறுபடி எடுத்து, இரண்டை முடித்தேன். மூன்றாவது ரயிலிலும் நகரவில்லை. அதை இனி நூலாசிரியர் கணக்கிலேயே எழுதலாம்.

நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களை இரவலுக்கு என்று விட்டுவையுங்கள். வாங்கிப் போனவர் பெயர், தேதி, திரும்பி வந்த தேதி என்று மூன்று பத்தி போட்டு, நான்காவதாக அவர் சொன்ன கருத்துக்கும் இடம் விடுங்கள். என் நோட்டில் அந்த நான்காவது பத்தி ஓரளவு நிரம்பியிருக்கிறது. மூன்றாவதுதான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது.