கோழி அம்மையும் வேலியோர டயரும்

திருகோணமலை உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் 14 ஊர்க்கோழிகள். மாரி தொடங்கியதும் இரண்டின் கொண்டையில் கறுத்த பொருக்கு. கொத்துப்பட்ட காயம் என்று நினைத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். அப்புறம் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக். 9 நாள் வீண். அது கோழி அம்மை, வைரஸ் நோய்; ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது.

கவனித்தால், பொருக்கு இறகில்லாத தோலில் மட்டும். நோய்ப்பட்டவை எல்லாம் வேலிப்பக்கம் அடைபவை. அங்கே பழைய டயரில் மழைத்தண்ணீர், நெளியும் நுளம்புக் குடம்பிகள். இந்த அம்மையை நுளம்பும் பரப்பும் என்றார் கால்நடை வைத்தியர். டயரை அகற்றி, கூட்டுக்கு வலை கட்டி, நோய் வராதவற்றுக்குச் செட்டைத் தோலில் தடுப்பூசி குத்துவித்தேன்.

ஒரு வாரம் கழித்துக் குத்திய இடத்தைத் தடவிப் பாருங்கள்: சிறு வீக்கம் இருந்தால்தான் ஊசி பிடித்தது. ஒன்றுக்கு இல்லை, மறுபடி குத்தினோம். புதிதாக எதற்கும் வரவில்லை, பெரிய நிம்மதி. இப்போதும் இரவில் டோர்ச் அடித்துக் கொண்டைகளைப் பார்க்கிறேன்.